ஏலாதிக் கணக்கு: விட்ட நடையை மறுபடி தொடங்கும் முறை

வழக்கமாக நம் சங்க மலருக்கு நான் கல்வெட்டு, நிகண்டு என்று ஏதாவது எழுதித் தருவேன். இந்த முறை மலர்க்குழு நண்பர்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். "ஐயா, எல்லாரும் படிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க. நம்ம ஆளுங்க நாலு பேரு கூடினா முட்டிவலி, வாயு, சர்க்கரை, தூக்கம் வரல, இதைத்தானே பேசுறாங்க. அதையே எழுதுங்களேன்" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1981இல் அத்திபெலேக்கு வந்து மளிகை வியாபாரம் செய்பவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. நான் படித்த தமிழ் எல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி, வாடிக்கையாளர் வராத நேரத்தில் படித்ததுதான். உட்கார்ந்த அந்த இடம் எனக்குத் தமிழைக் கொடுத்தது. பதிலுக்கு முழங்காலை வாங்கிக்கொண்டது. இந்த வரவு செலவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மருந்தின் பெயரில் மூன்று நூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் மூன்றுக்கு மருந்தின் பெயர் இருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். நல்லாதனார் பாடிய திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது. காரியாசான் பாடிய சிறுபஞ்சமூலம் கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர். கணிமேதாவியார் பாடிய ஏலாதி ஆறு சரக்கு கொண்ட சூரணம். பின்னிரண்டு புலவர்களும் சமணர்கள். உடம்புக்கு மருந்து எப்படியோ அப்படி உள்ளத்துக்கு அறம் என்பது கருத்து.

ஏலாதியில் எனக்குப் பிடித்தது அதன் அளவு. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று ஒவ்வொரு பங்காக ஏறிக்கொண்டே போகும். வாசனையும் மென்மையும் உள்ள ஏலத்தில் தொடங்கி, காரம் மிகுந்த சுக்கில் முடியும். தராசு பிடிக்கிறவனுக்கு இது மனசில் நிற்கும். இந்தக் கணக்கை இப்போதைக்கு நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அன்பினால் உட்காரவைத்தோம்

என் தந்தையார் காலமானபின், 2004இல் என் தாயாரை ஊரிலிருந்து இங்கே அழைத்து வந்தேன். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஊரில் இருந்தவரை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை. கிணற்றடி, களத்துமேடு, மாட்டுக்கொட்டகை, ஜினாலயம் என்று நடந்துகொண்டே இருப்பார். நாள் முழுக்கக் குனிந்து, நிமிர்ந்து, தரையில் அமர்ந்து, எழுந்து பழகிய உடம்பு.

இங்கே மாடி வீடு. வாசலில் இறங்கினால் லாரி போகிற சாலை. கன்னடம் தெரியாது, வழி தவறிவிட்டால் கேட்கவும் தெரியாது என்று பயம். அடுப்படிக்குப் போனால் என் மனைவி, "நீங்க எதுக்கும்மா, உட்காருங்க" என்பாள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் நான், "விடுங்கம்மா" என்பேன். உழைத்த உடம்பு, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் நினைத்தோம். நாற்காலியும் தொலைக்காட்சியும் கொடுத்தோம். இரண்டே வருடத்தில் தொடை சூம்பியது. எழும்போது கதவைப் பிடிக்கவேண்டி வந்தது. "வயசாச்சு" என்று நாங்களும் சொன்னோம், அவரும் சொன்னார். 2008இல் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் எழவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

இதை நான் யார்மேலும் பழியாகச் சொல்லவில்லை. ஆனால் வெளிமாநிலத்தில் இருக்கும் நம் குடும்பங்களில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஊரில் பெற்றோர் தனியாக இருக்கிறார்களே என்று அழைத்து வருகிறோம். வந்த அன்றே அவர்களுடைய நடை நின்றுபோகிறது. அவர்களுக்குச் சோறும் மாத்திரையும் குறைவில்லாமல் கிடைக்கிறது. போகுமிடம்தான் இல்லை.

உட்கார்ந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் அந்த நகரத்து மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பம். வேறுபாடு ஒன்றுதான். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது என்று 1953இல் லான்செட் இதழில் எழுதினார். உடம்பு பருத்தவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வருகிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கே வந்தது. உடனே சீருடைக் கணக்கை எடுத்து, இடுப்பளவு பார்த்து, 1956இல் இன்னொரு கட்டுரையும் எழுதினார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. நடத்துநர்களின் ஆதாயம் முழுவதற்கும் அதுவே காரணமாகிவிடவில்லை. அந்த மனிதர் 99 வயது வரை இருந்தார்.

இதைப் படித்தபோது என் கடை நினைவுக்கு வந்தது. கல்லாவில் உட்காருகிற நான் ஓட்டுநர். ஏணியில் ஏறி டப்பா எடுக்கிற பையன் நடத்துநர். அவனுக்கு நான் சம்பளம் கொடுக்கிறேன். அவன் தன் உடம்புக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறான்.

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. இருபது வயது ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு உயிர்க்காற்றைப் பயன்படுத்தும் திறன் மளமளவென்று இறங்கியது. முப்பது வருடம் கழித்து, 1996இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வயது, தொப்பை எல்லாம் வந்துவிட்டது. சோதித்தால், இருபது வயதில் மூன்று வாரம் படுத்ததால் இறங்கிய அளவுக்கு, முப்பது வருட முதுமையில்கூட இறங்கவில்லை! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில் படுக்கைக்குப் போகுமுன் இருந்த திறனை ஏறக்குறைய எட்டிவிட்டார்கள். ஐந்து பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் "வயசாச்சு" என்று நாம் சொல்வதில் எவ்வளவு வயசு, எவ்வளவு உட்கார்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாயாரை நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டு நிலையும் தெரிந்ததே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்ற பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் என்று அது கணக்கிட்டது. நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசை. தசை வேலை செய்தால் கிடங்கு காலியாகும், புதுச் சரக்கு உள்ளே போகும். வேலை இல்லாவிட்டால் கிடங்கு நிறைந்து, சரக்கு தெருவில் நிற்கும். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குக் கணையத்தின் குறை முதலான வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நம் கையில் இருக்கிற பெரிய காரணம் இதுதான்.

விந்தியகிரிப் படியில்

2018இல் சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரருக்கு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. கூட்டத்துக்குப் பயந்து அப்போது போகாமல், 2019 தை மாதம் குடும்பத்தோடு போனோம். மலைக்குப் பாறையிலேயே வெட்டிய படி, 600க்கு மேல். செருப்பைக் கீழே விட்டு ஏற வேண்டும். இளம் வயதில் ஒரே மூச்சில் ஏறியவன் நான்.

மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை, மூச்சு வாங்கியது. வலது முட்டி மடங்க மறுத்தது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி, "என்னங்க, டோலி பேசட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். என் பேரன் ஏழு வயது, நாலு படி மேலே நின்று, "தாத்தா, சாமி உன்னைக் கேட்டா என்ன சொல்றது?" என்றான். சிரித்துக்கொண்டேதான் அனுப்பி வைத்தேன். அவர்கள் போனபின் சிரிப்பு வரவில்லை.

எங்கள் சமயத்தில் உடம்பு ஒருநாள் விடவேண்டியது. மலைமேல் நிற்கிற பாகுபலியே காயோத்சர்க்கம் என்னும் நிலையில், உடம்பின்மேல் பற்றை விட்டு நிற்கிறவர். கொடி படர்ந்தும் அசையாதவர். அப்படியிருக்க உடம்பைப் பேணுவது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பாறையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். நின்றுகொண்டே உடம்பை விடுவதற்கும், முதலில் நிற்கிற கால் வேண்டுமே!

அவசரத்தில் வந்த நஷ்டம்

ஊர் திரும்பிய மறுநாளே காலணி வாங்கினேன். விடியற்காலை ஆனேக்கல் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தேன். மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது, குதிகாலில் முள் குத்தியது போல வலி. நாலு அடி நடந்தால் குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். அதோடு நடையும் நின்றது. அடுத்த வருடம் ஊரடங்கு. 2021இல் இரத்தம் சோதித்தபோது எனக்கும் சர்க்கரை என்று வந்தது.

அப்போதுதான் ஒரு விஷயத்தைத் தேடிப் படித்துப் புரிந்துகொண்டேன். உடற்பயிற்சியை விட்டுவிட்டு மறுபடி தொடங்கும்போது எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரத்தில் தேறத் தொடங்கும். தசைக்கு அதைவிட நாள் பிடிக்கும். தசையை எலும்போடு கட்டுகிற நாண், பாதத்தடி நார் இவற்றுக்கு மாதக் கணக்கு. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே "மூச்சு வாங்கலையே, இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று மனசு சொல்லும்; குதிகால் நாண் தயாராக இருக்காது. முதலாளி சம்மதித்தாலும் மூட்டை தூக்குகிறவன் சம்மதிக்க வேண்டும் அல்லவா? நம்மில் பலர் புத்தாண்டில் தொடங்கிப் பொங்கலில் நிறுத்துவதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, முதல் நாளே பழைய அளவை எடுப்பதும்தான்.

என் மருத்துவரிடம் எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டேன். "முடிந்த அளவு" என்றார். அது சரியான பதில்தான். ஆனால் வியாபாரிக்கு "முடிந்த அளவு" என்பது கணக்கு ஆகாது.

ஏலாதிக் கணக்கு

ஒருநாள் கடையில் ஒருவர் வீட்டு மருந்துக்கு என்று ஏலமும் சுக்கும் வாங்கினார். நிறுத்துக்கொண்டே இருக்கும்போது ஏலாதி நினைவுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒரு பங்குக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால்?

முதல் வாரம் ஏலம்: நாளைக்கு 5 நிமிடம்.
இரண்டாம் வாரம் இலவங்கப்பட்டை: 10 நிமிடம்.
மூன்றாம் வாரம் நாககேசரம்: 15 நிமிடம்.
நான்காம் வாரம் மிளகு: 20 நிமிடம்.
ஐந்தாம் வாரம் திப்பிலி: 25 நிமிடம்.
ஆறாம் வாரம் சுக்கு: 30 நிமிடம்.

வாரத்தில் ஐந்து நாள் நடை, இரண்டு நாள் ஓய்வு. ஆறாம் வாரத்தில் ஐந்து முப்பது நூற்றைம்பது நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் வயது வந்தோருக்குச் சொன்னதும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்புதான். கணிமேதாவியாரின் இன்னொரு நூலின் பெயர் என்ன தெரியுமா? திணைமாலை நூற்றைம்பது! பெயர் நூற்றைம்பது என்றாலும் அதில் 153 பாடல் உண்டு. நாமும் கொஞ்சம் கூடுதலாகவே நடந்தால் தப்பில்லை. இந்தப் பொருத்தம் என் வேடிக்கைதான். ஏலாதி நடைப்பயிற்சி நூல் அல்ல. ஆனால் பெயரோடு கணக்கும் மனசில் நின்றுவிடுகிறது.

"ஐந்து நிமிஷம் ஒரு நடையா?" என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020 வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எதுவும் செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்பதே இப்போதைய முடிவு. பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற பேச்சும் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்கள் 16,741 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் ஆதாயம் அவ்வளவாகக் கூடவில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் எட்டு கிலோமீட்டர் என்பது சுக்குக்கும் பிறகு வருவது. ஏலத்தில் இருப்பவர் அதைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது.

இந்தக் கணக்குக்கு நான் வைத்துக்கொண்ட விதிகள் நான்கு:

ஒன்று. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம்.

இரண்டு. இலேசான வலி மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அதே அளவில் தொடரலாம். காலையில் வலி கூடியிருந்தால் ஒரு சரக்கு பின்னால் போங்கள். மிளகில் வலித்தால் நாககேசரம்.

மூன்று. ஊருக்குப் போனது, கல்யாணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் ஒரு சரக்கு பின்வாங்குங்கள். ஒரு மாதம் விட்டுப்போனாலும், டெங்கு போன்ற காய்ச்சல் வந்து எழுந்தாலும், மருத்துவர் சம்மதித்தபின் மறுபடி ஏலத்திலிருந்து. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வருடம் பிறந்தால் புதுப்பேரேடு போடுவதில்லையா?

நான்கு. இந்தச் சரக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். எனக்குச் சுக்குக்கு வரப் பன்னிரண்டு வாரம் ஆயிற்று.

நடையோடு தசைப் பயிற்சியும் வாரம் இரண்டு நாள் வேண்டும். அதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெல்ல உட்காருவது. முதல் வாரம் 2 தடவை, பிறகு 4, 6, 8, 10, 12. இதுவும் ஏலாதிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது இன்னொன்று. வயதானவர்களுக்கு இது பலிக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். 1990இல் பாஸ்டன் நகர முதியோர் மருத்துவமனை ஒன்றில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரி 174 விழுக்காடு கூடியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2004இல் எனக்கு இது தெரிந்திருந்தால் அம்மாவுக்கு நாற்காலியைக் கொடுத்ததோடு, அதிலிருந்து எழச் சொல்லியும் கொடுத்திருப்பேன்.

சில்லறை உபாதைகள்

முழங்கால்: முட்டியின் குருத்தெலும்புக்கு நேரடியான இரத்த ஓட்டம் கிடையாது. நடக்கும்போது அமுங்கி விரிவதில்தான் மூட்டுநீர் உள்ளே போய் அதற்கு உணவாகிறது. பஞ்சை நீரில் அழுத்தி எடுப்பது போல. ஆகவே வலிக்கு முழு ஓய்வு கொடுப்பது அதைப் பட்டினி போடுவதாகும். தொடையின் முன்தசை வலுத்தால் முட்டியின் பாரம் குறையும். படி இறங்கும்போது பாரம் அதிகம் என்பதால், தொடக்கத்தில் சமதரையே நல்லது.

குதிகால்: காலையில் முதல் அடியில் வலித்தால், கட்டிலிலேயே ஒரு துண்டைப் பாதத்தில் போட்டுக் கையால் இழுத்து, கெண்டைக்காலை நீட்டிவிட்டு இறங்குங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். குறைய மாதக் கணக்கில் ஆகும், பெரும்பாலும் குறைந்துவிடும்.

இடுப்பு: முன்பு இடுப்பு பிடித்தால் பலகையில் படு என்பார்கள். 1986இல் அமெரிக்காவில் ஒரு பாதிப் பேரை இரண்டு நாளும், மறுபாதியை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வலி குறைவதில் வேறுபாடு இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள்.

உடம்பு வலி: புதிதாகத் தொடங்கினால் மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடையும் கெண்டையும் வலிக்கும். தசை பழகுவதன் அடையாளம் அது. நாலைந்து நாளில் போய்விடும்.

வாயு, மலச்சிக்கல், தூக்கமின்மை: மூன்றுக்கும் உணவுக்குப் பிறகு பத்து நிமிட மெல்லிய நடை உதவும், சர்க்கரைக்கும் நல்லது. நாங்கள் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை. இது அகிம்சைக்காக வந்த நோன்பு. ஆனால் இரைப்பை நிறைந்தபடி படுக்காததால் நெஞ்செரிச்சல் குறைவதைக் கண்டிருக்கிறேன். பிற அன்பர்களும் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது உண்டுவிட்டால் பலன் உண்டு.

எப்போது கணக்கை மூடிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், உட்கார்ந்தும் அடங்காத மூச்சுத் திணறல் இருந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்து உட்காராதீர்கள். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி வலித்தாலும் காட்ட வேண்டும். இதய நோயோ, வெகுநாள் சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையில் சர்க்கரை அதிகமாக இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல் அதன் அடையாளம். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நோன்பு, ஏகாதசி, கார்த்திகை என்று உபவாசம் இருப்பவர்கள், எங்களைப் போல் இரவு உண்ணாதவர்கள், மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். நான் இதைச் சொல்லாமல் ஒருநாள் கடையிலேயே சரிந்தேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள்.

பெரியவர்களுக்குப் போகுமிடம் கொடுங்கள்

2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை நம் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருவதாக அந்தத் திட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் பெற்றோருக்கு அதை நாம்தான் செய்ய வேண்டும். பணம்கூட வேண்டாம். பெரியவர்களிடம் "உட்காருங்க" என்று சொல்வதைக் குறைத்து, கீரை ஆய, துணி மடிக்க, பேரனைப் பள்ளிப் பேருந்து வரை கொண்டுவிட விடுங்கள். பக்கத்துத் தெருத் தமிழ்ப் பெரியவரோடு சேர்த்து மாலையில் அனுப்புங்கள். வீட்டு முகவரியைக் கன்னடத்தில் எழுதிப் பையில் வையுங்கள். "மனெ எல்லி?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பாதி பயம் போய்விடும். நம் சங்கம் வாரம் ஒரு நாள் முதியோர் நடைக் குழு நடத்தினால் என்ன? தேநீர்ச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

2024 தை மாதம் மறுபடி விந்தியகிரிக்குப் போனோம். ஆறு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன், ஆனால் ஏறிவிட்டேன். பன்னிரண்டு வயதான பேரன் முன்னாலேயே போய்விட்டு, திரும்ப இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாமி கேட்டாரா?" என்றேன். "நீயே போய்ச் சொல்லு தாத்தா" என்றான். கோமடேசுவரர் திருவடியில் நின்றபோது என் தாயாரைத்தான் நினைத்தேன். அவர் கடைசிவரை இந்த மலைக்கு வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கால் சரியானதும் போகலாம்மா" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மகாமஸ்தகாபிஷேகம் 2030இல். அப்போது எனக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு மாதம் நடை விட்டுப்போயிற்று. நேற்று முதல் மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஐந்தே நிமிடம். ஏலம்.